தண்ணீர் பாட்டில் வாங்கப் போன சில நிமிடங்கள்... ஹெமிங்வேயைக் கடைசிவரை துரத்திய பெட்டித் திருட்டு!

1922 டிசம்பர். பாரிஸின் கார் தெ லியோன் ரயில் நிலையம். சுவிட்சர்லாந்தின் லொசான் நகருக்குப் போகும் ரயில் கிளம்பத் தயாராக நிற்கிறது. 31 வயதுப் பெண் ஒருவர் பெட்டிகளை ரயிலில் ஏற்றிவிட்டு, வழியில் குடிக்க ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கலாமே என்று இறங்கிப் போகிறார். திரும்பி வந்து பார்த்தால், ஒரு சின்னப் பெட்டியைக் காணோம்!

அந்தப் பெட்டியில் இருந்தது நகையோ பணமோ இல்லை. எல்லாம் காகிதம். அவருடைய கணவர் அதுவரை எழுதியிருந்த கதைகள், கவிதைகள், பாதியில் நின்ற ஒரு நாவல். அந்தப் பெண்ணின் பெயர் ஹாட்லி. கணவர் பெயர் எர்னஸ்ட் ஹெமிங்வே. அன்றைக்கு ஹெமிங்வே என்றால் யாருக்கும் தெரியாது. வயசு வெறும் 23.

டாக்டர் வீட்டுப் பையன்

1899-ல் அமெரிக்காவின் சிகாகோவுக்குப் பக்கத்தில் உள்ள ஓக் பார்க்கில் பிறந்தவர் ஹெமிங்வே. அப்பா டாக்டர், அம்மா இசை ஆசிரியை. பள்ளி முடித்ததும் காலேஜ் பக்கமே போகவில்லை. நேராக ‘கான்சஸ் சிட்டி ஸ்டார்’ பத்திரிகையில் நிருபர் வேலை. சின்னச் சின்ன வாக்கியமாக எழுது, தேவையில்லாததை வெட்டு என்பதெல்லாம் அங்கே கிடைத்த பாடம்.

1918-ல் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆம்புலன்ஸ் டிரைவராக இத்தாலியப் போர்முனைக்குப் போனார். 19-வது பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, பக்கத்தில் குண்டு வெடித்துக் கால்களெல்லாம் காயம். மிலான் மருத்துவமனையில் தன்னைக் கவனித்துக்கொண்ட நர்ஸ் மீது காதல் வந்தது. ஊர் திரும்பிய பிறகு, இது சரிவராது என்று அவரிடமிருந்து கடிதமும் வந்தது.

அந்தச் சோகத்துக்குப் பிறகு சிகாகோவில் அறிமுகமானவர்தான் ஹாட்லி. ஹெமிங்வேயைவிட எட்டு வயது மூத்தவர். இவன் பெரிய எழுத்தாளனா வருவான்னு முதலில் முழுசா நம்பியவர்களில் ஒருவர். ஹெமிங்வேயின் 22-வது பிறந்தநாளுக்கு ஹாட்லி கொடுத்த பரிசே ஒரு கொரோனா டைப்ரைட்டர்தான். 1921 செப்டம்பரில் கல்யாணம். டிசம்பரில் பாரிஸ்.

வெந்நீர்கூட வராத ஒரு சின்ன வாடகை வீடு. ‘டொரான்டோ ஸ்டார்’ பத்திரிகைக்குச் செய்தி அனுப்பிக் கிடைத்த காசோடு, ஹாட்லிக்குக் குடும்பச் சொத்திலிருந்து வந்த பணமும் சேர்ந்துதான் வீட்டை ஓட்டியது. கிடைத்த நேரத்திலெல்லாம் ஹெமிங்வே கதை எழுதினார். அப்படி ஒரு வருஷம் உட்கார்ந்து எழுதிய உழைப்புதான் அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

கார்பன் காப்பியும் சேர்த்து!

1922 நவம்பரில் லொசானில் ஒரு பெரிய மாநாடு தொடங்கியது. கிரேக்க - துருக்கிப் போருக்குப் பிறகு சமாதானம் பேச உலகத் தலைவர்கள் கூடியிருந்தார்கள். செய்தி எழுத ஹெமிங்வே முன்னாடியே போய்விட்டார். ஹாட்லிக்குக் கடுமையான ஜலதோஷம். உடம்பு தேறியதும் வருவதாக ஏற்பாடு. அப்படியே மலையில் பனிச்சறுக்கு, கிறிஸ்துமஸ் விடுமுறை என்று பிளான்.

லொசானில் லிங்கன் ஸ்டெஃபன்ஸ் என்ற மூத்த பத்திரிகையாளருக்கு ஹெமிங்வேயின் எழுத்து ரொம்பப் பிடித்துப்போனது. இன்னும் படிக்க ஆசைப்பட்டார். கணவர் விடுமுறையில் உட்கார்ந்து திருத்தலாம், ஸ்டெஃபன்ஸிடமும் காட்டலாம் என்று நினைத்த ஹாட்லி, வீட்டில் இருந்த கதைகளையெல்லாம் பெட்டியில் அடுக்கினார். கையால் எழுதியவை, டைப் செய்தவை, கூடவே அவற்றின் கார்பன் காப்பிகள்.

அந்தக் காலத்து ‘பேக்கப்’ அந்தக் கார்பன் காப்பிதான். இரண்டு தாளுக்கு நடுவே கார்பன் வைத்து டைப் செய்தால் இன்னொரு பிரதி கிடைக்கும். அசல் ஓரிடம், நகல் ஓரிடம் என்று வைத்தால்தான் பாதுகாப்பு. இங்கே இரண்டும் ஒரே பெட்டியில்.

லொசானில் இறங்கிய ஹாட்லியால் அழுகையை நிறுத்தவே முடியவில்லை. என்ன ஆச்சு என்று ஹெமிங்வே கேட்கக் கேட்க, வார்த்தையே வரவில்லை. ஒருவழியாகப் பெட்டி போன விஷயத்தைச் சொன்னார். கார்பன் காப்பியும் அதில்தான் இருந்தது என்பதை ஹெமிங்வேயால் நம்ப முடியவில்லை. உடனே பாரிஸுக்கு ரயிலேறி வீட்டில் தேடிப் பார்த்ததாகப் பிற்காலத்தில் எழுதினார். அந்தப் பயணம் அடுத்த மாதம்தான் நடந்தது என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. எப்போது போயிருந்தாலும், வீட்டில் அவை இல்லை.

தப்பிய இரண்டு கதைகள்

தப்பியவை என்று பார்த்தால், வெளியே பத்திரிகைக்கு அனுப்பியிருந்த சில கவிதைகள், அப்புறம் இரண்டே கதைகள். ஒன்று, ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு அனுப்பியிருந்ததால் பிழைத்தது. இன்னொன்று, இதையெல்லாம் பிரசுரிக்கவே முடியாது என்று எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைன் சொன்னதால் ஓரமாக ஒதுக்கிப் போட்டிருந்த கதை.

பெட்டியில் வந்த கதைகளை ஹெமிங்வே அப்படியே திரும்ப எழுதிவிடவில்லை. 1923 ஏப்ரலில் இத்தாலியின் கார்டினா நகரில் புதிதாக ஒரு கதை எழுதினார். கதையின் உண்மையான முடிவைச் சொல்லாமலே விட்டாலும் வாசகர் அதை உணர்வார் என்ற தன் பாணியை, அந்தக் கதையில்தான் முயன்றதாகப் பின்னாளில் சொன்னார். அதே ஆண்டு அவருடைய முதல் புத்தகம் பாரிஸில் வந்தது. மூன்று கதைகள், பத்துக் கவிதைகள், மொத்தம் 300 பிரதிகள். அந்த மூன்றில் இரண்டு, திருட்டிலிருந்து தப்பியவை.

அதன்பிறகு எல்லாமே வேகம். 1926-ல் ‘தி சன் ஆல்சோ ரைசஸ்’ நாவல், 1952-ல் ‘கிழவனும் கடலும்’, 1954-ல் நோபல் பரிசு. திருட்டு நடந்ததும் நல்லதுக்குத்தான், அதனால்தான் புதுசா எழுதினார் என்று சிலர் சொல்வதுண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்தத் திருட்டுக்கு விலை கொடுத்தது ஹெமிங்வே மட்டும் இல்லை.

‘தொலைத்தவர்’ என்ற பெயர்

இந்தக் கதை எங்கே சொல்லப்பட்டாலும், ‘ஹெமிங்வேயின் கதைகளை மனைவி தொலைத்துவிட்டார்’ என்றுதான் ஆரம்பிக்கும். கவனிச்சீங்களா? ஹாட்லி எதையும் தொலைக்கவில்லை. யாரோ திருடினார்கள். ஆனால், அந்தத் திருடர் யார் என்று கடைசிவரை தெரியவே இல்லை. பெயர் தெரிந்த ஒரே ஆள் ஹாட்லி. பழியும் அவர் மேலேயே நின்றுவிட்டது. பொருள் பறிபோனவரிடமே ‘நீ ஏன் விட்டுட்டுப் போனே?’ என்று கேட்கும் நம் வழக்கம் அன்றைக்கும் இருந்தது.

1927-ல் இருவரும் விவாகரத்து பெற்றார்கள். அதற்குக் காரணம் பெட்டி இல்லை, பாலின் ஃபைஃபர் என்ற பத்திரிகையாளர் மீது ஹெமிங்வேக்கு வந்த காதல். குற்ற உணர்வோ நன்றியோ, ‘தி சன் ஆல்சோ ரைசஸ்’ நாவலின் ராயல்டியை ஹாட்லிக்கே எழுதிக் கொடுத்தார்.

ஆனாலும் அந்தக் காயம் ஆறவில்லை. அவர் இறந்த பிறகு 1986-ல் வெளியான ‘தி கார்டன் ஆஃப் ஈடன்’ நாவலில், எழுத்தாளனின் கதைகளை மனைவியே எரித்துவிடுகிறாள். நிஜத்தில் அன்பாக அடுக்கி எடுத்து வந்த கை, கற்பனையில் தீ வைக்கும் கையாகிவிட்டது.

கடைசிக் காலத்தில் ஹெமிங்வே பாரிஸ் நாள்களைப் பற்றி ஒரு நினைவுப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். அப்போது மன அழுத்தத்துக்கு மின் அதிர்ச்சி சிகிச்சை. அது தன் ஞாபகங்களை அழித்துவிட்டதாகப் புலம்பினார். இந்த முறை திருடுபோனது காகிதம் இல்லை, காகிதத்தில் எழுத வேண்டியவை. 1961-ன் தொடக்கத்தில் ஹாட்லிக்கு போன் போட்டார். பாரிஸில் பழகிய சிலரைப் பற்றி ஒரு விவரம் ஞாபகம் வரவில்லை, உனக்கு நினைவிருக்கா என்று கேட்கத்தான் அந்த அழைப்பு.

சில மாதங்களில், ஜூலை 2-ம் தேதி, ஹெமிங்வே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பாரிஸ் புத்தகம் 1964-ல் வெளியானது. பெட்டி திருடுபோன கதையும் அதில் இருக்கிறது. புத்தகம் முழுக்க அவர் அதிகப் பிரியத்தோடு எழுதியிருப்பது ஹாட்லியைப் பற்றித்தான்.

ஹாட்லி 1979 வரை வாழ்ந்தார். அந்தப் பெட்டி இன்றுவரை கிடைக்கவில்லை.