வரிகளுக்கு வரிசை இல்லை என்றவர்

படிவம் நான்கில் கணினி அறிவியல் எடுத்த தம்பி, தங்கைகளுக்கு ‘பெனோர்மாலான்’ என்ற சொல் நினைவிருக்கும். ஓர் அட்டவணையை இரண்டாகப் பிரி, மூன்றாகப் பிரி, ஒரே தகவல் இரண்டு இடங்களில் இருக்கக்கூடாது என்று ஆசிரியர் சொல்லச் சொல்ல நாம் கோடு போட்டுக்கொண்டே இருப்போம். எதற்காகப் பிரிக்கிறோம் என்று கேட்க அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை. தேர்வுக்கு வரும், அவ்வளவுதான். பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகே அந்தப் பாடத்தின் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார் என்று அறிந்தேன். அவர் எட்கர் ஃபிராங்க் காட். நண்பர்களுக்கு டெட்.

எட்கர் 1923 ஆகஸ்டு 19 ஆம் நாள் இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள போர்ட்லண்ட் தீவில் பிறந்தார். லண்டன் செயிண்ட் பால் தேவாலயம் கட்டப் பயன்பட்ட வெள்ளைக்கல் இங்கிருந்துதான் போனது. தந்தை தோல் பொருள் உற்பத்தியாளர், தாயார் பள்ளி ஆசிரியை. ஏழு பிள்ளைகளில் இவர் கடைக்குட்டி. உபகாரச் சம்பளத்தில் ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகம் சென்று வேதியியலும் கணிதமும் படித்தார். இடையில் இரண்டாம் உலகப் போர் வந்தது. பிரிட்டிஷ் விமானப்படையின் கடலோரப் பிரிவில் சேர்ந்து, நீரில் இறங்கக்கூடிய சண்டர்லண்ட் வகை விமானங்களை ஓட்டினார். போர் முடிந்ததும் படிப்பை முடித்துவிட்டு 1948 இல் நியூயார்க் போனார். கணிதப் பட்டதாரிக்கு அங்கே முதலில் கிடைத்தது, மேசிஸ் பேரங்காடியில் ஆண்கள் உடுப்பு விற்கும் வேலை. பட்டம் வாங்கி வேலைக்கு அலையும் நம் அண்ணன்மார் இதை வாசித்து ஆறுதல் அடையலாம்.

1949 இல் ஐ.பி.எம். நிறுவனம் அவரைக் கணித நிரலராகச் சேர்த்துக்கொண்டது. அப்போதைய கணினி ஒரு பெரிய அறையையே அடைத்துக்கொள்ளும். நான்கு ஆண்டுகளில் அவர் அமெரிக்காவை விட்டே கிளம்பிவிட்டார். செனட்டர் மெக்கார்த்தி, கம்யூனிஸ்டுகளைப் பிடிக்கிறேன் என்று சொல்லி ஆளாளுக்குக் குற்றம் சாட்டிக்கொண்டிருந்த காலம் அது. அது பிடிக்காமல் எட்கர் 1953 இல் கனடாவின் ஒட்டாவாவுக்குக் குடிபெயர்ந்தார். சில ஆண்டுகள் கழித்து மீண்டும் ஐ.பி.எம்.முக்குத் திரும்பினார். மனத்துக்குச் சரியென்று படாததை அவரால் சகித்துக்கொண்டிருக்க முடியாது. பின்னாளில் இந்தக் குணமே அவரைத் தன் சொந்த நிறுவனத்தோடும் மோத வைத்தது.

முனைவர் பட்டம் வாங்கியபோது அவருக்கு வயது 42. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், தன்னைத் தானே நகல் எடுக்கும் கணித இயந்திரம் பற்றி ஆய்வு செய்தார். இதே சிக்கலுக்கு வான் நியூமன் ஒவ்வொரு கட்டத்துக்கும் 29 நிலைகள் வைத்திருந்தார். எட்கர் எட்டே போதும் என்று காட்டினார். தேவையில்லாததை வெட்டி எறியும் பழக்கம் இங்கேயே தெரிகிறது.

அதன் பிறகு கலிஃபோர்னியாவின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்துக்கு மாற்றலாகி வந்தார். அங்கே அவர் கண்ணில் பட்டது, நிறுவனங்கள் தகவலைச் சேமித்து வைத்திருந்த விதம். ஐ.பி.எம்.மிடம் ஐ.எம்.எஸ். என்ற தரவுத்தளம் இருந்தது. சந்திரனுக்குப் போன அப்போலோ திட்டத்தின் உதிரிப்பாகப் பட்டியலைக் கையாள உருவானது அது. அதில் தகவல் மரம்போல் கிளைவிட்டிருக்கும். வேரிலிருந்து எந்தக் கிளை, அதிலிருந்து எந்தக் கிளை என்று நிரலர் வழி தெரிந்து போகவேண்டும். கிளையை யாராவது மாற்றிக் கட்டினால் பழைய நிரல்கள் வழிதெரியாமல் நின்றுவிடும். ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த முச்சந்தியில் இடம், அந்த எண்ணெய் நிலையத்தில் வலம் என்று ஸ்கூடாயிலிருந்து கோத்தா திங்கி வரை சொல்லிக்கொண்டே போவது போன்ற வேலை. கிராப் வண்டியில் நாம் அப்படிச் செய்வதில்லை. போகவேண்டிய இடத்தைத் தட்டுகிறோம், வழியை அது பார்த்துக்கொள்கிறது.

எட்கர் கேட்டதும் அதைத்தான். முதலில் 1969 இல் நிறுவனத்துக்குள் ஓர் அறிக்கை, பிறகு 1970 ஜூன் மாதம் கணினியியல் சங்க இதழில் பதினொரு பக்கக் கட்டுரை. எல்லாத் தகவலையும் எளிய அட்டவணைகளாக வைப்போம். எது வேண்டும் என்று மட்டும் மனிதன் சொல்லட்டும். எப்படி எடுப்பது என்பது இயந்திரத்தின் பாடு. இதற்கு அவர் எடுத்துக்கொண்ட கருவி கணக் கோட்பாடு. நாம் படிவம் ஒன்றிலேயே படிக்கும் ‘செட்’தான். கணத்தில் ஒரே உறுப்பு இரண்டு முறை வராது, உறுப்புகளுக்கு முன்பின் வரிசையும் கிடையாது. ஆகவே அட்டவணையின் வரிகளுக்கும் வரிசை இல்லை என்றார். இந்த ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் நமக்கு வேலை கொடுக்கப்போகிறது.

கட்டுரையை உலகம் கொண்டாடியது என்று எழுத ஆசைதான். ஐ.எம்.எஸ். அப்போது ஐ.பி.எம்.முக்கு வருமானம் தந்துகொண்டிருந்தது. விற்றுக்கொண்டிருக்கும் சரக்கைப் பழையதாக்கும் யோசனையைச் சொந்த ஊழியரே கொண்டுவந்தால் எந்த முதலாளி மகிழ்வார்? வெளியிலும் எதிர்ப்பு இருந்தது. வலைப்பின்னல் வகைத் தரவுத்தளத்தை உருவாக்கி 1973 இல் டூரிங் விருது பெற்றிருந்த சார்ல்ஸ் பாக்மனோடு 1974 இல் எட்கர் நேருக்கு நேர் விவாதித்தார். இயந்திரமே வழி கண்டுபிடித்தால் மெதுவாக இருக்கும், கைதேர்ந்த நிரலரோடு போட்டி போட முடியாது என்பது எதிரணியின் வாதம். அந்தக் காலத்துக் கணினிகளை வைத்துப் பார்த்தால் அது நியாயமான சந்தேகம் என்றே நான் நினைக்கிறேன்.

சந்தேகத்தைத் தீர்த்தது, அதே ஆய்வுக்கூடத்தில் நடந்த சிஸ்டம் ஆர் திட்டம். டானல்டு சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் சீக்வெல் மொழியை வகுத்தார்கள்; அதுவே பிறகு எஸ்.கியூ.எல். ஆனது. பட்ரிசியா செலிங்கர் குழு, ஒரு வினவலுக்குப் பல வழிகளை மதிப்பிட்டு, குறைந்த செலவுள்ள வழியைத் தேர்ந்தெடுக்கும் முறையை 1979 இல் வெளியிட்டது. ஆனால் விற்பனையில் முந்திக்கொண்டவர் வேறொருவர். ஐ.பி.எம். வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளைப் படித்த லேரி எலிசனும் நண்பர்களும் 1979 இல் ஆரக்கிளைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். ஐ.பி.எம்.மின் முதல் எஸ்.கியூ.எல். சரக்கு 1981 இல்தான் வந்தது. அதே ஆண்டு எட்கருக்கு டூரிங் விருது கிடைத்தது.

இப்போது அந்த விதிக்கு வருவோம். கோத்தா திங்கியில் 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து வந்த வெள்ளத்தை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். என் பெரியம்மா வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு நெடுநாள் இருந்ததாம். வடிகால் நீர்ப்பாசன இலாகா இன்று ஆறுகளின் நீர்மட்டத்தை ‘வஸ்படா’, ‘அமாரான்’, ‘பஹாயா’ என்று படிநிலை குறித்து இணையத்தில் காட்டுகிறது. எங்கள் வகுப்பில் இதைப் போன்ற ஒரு பயிற்சித் திட்டம். நிலையத்தின் பெயர், நேரம், நீர்மட்டம் என மூன்று பத்திகள்; பதினைந்து நிமிடத்துக்கு ஒரு வரி. மட்டம் எவ்வளவு என்பதைவிட எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதே ஆற்றங்கரைக் குடும்பத்துக்கு முக்கியம். அதற்கு ஒவ்வொரு வரியையும் அதன் முந்தைய வரியோடு ஒப்பிடவேண்டும்.

முந்தைய வரியா? எட்கரின் அட்டவணையில் அப்படி ஒன்று இல்லையே! அங்கே வரிகள் கோணிப்பையில் கொட்டிய கோலிக்குண்டுகள். எங்களுக்கு முன் படித்தவர்கள் விட்டுச் சென்ற வினவல் இதைச் சுற்றிவளைத்துத் தீர்த்திருந்தது. ஒவ்வொரு வரிக்கும், இதே நிலையத்தில் இதைவிட முந்திய நேரங்களில் ஆகப் பெரியது எது என்று தனியாகத் தேடு, பிறகு அந்த வரியை இதோடு சேர். விடை சரியாகத்தான் வந்தது. ஆனால் கட்டளையைத் தட்டிவிட்டு தே தாரே குடித்துவிட்டு வந்தாலும் ஓடிக்கொண்டே இருந்தது.

ஏன் என்று கணக்குப் போட்டால் புரியும். பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஒரு நாளைக்கு 96, ஓர் ஆண்டுக்கு 35,040 வரிகள். ஒவ்வொரு வரிக்கும் இயந்திரம் எல்லா வரிகளையும் புரட்டினால் 35,040 ஐ 35,040 ஆல் பெருக்கவேண்டும்: சுமார் 1.2 பில்லியன் ஒப்பீடுகள். இது ஒரே நிலையத்துக்கு, ஒரே ஆண்டுக்கு. தரவு இரண்டு மடங்கானால் வேலை நான்கு மடங்காகும். பத்து நிலையங்களை ஒரே அட்டவணையில் போட்டு, தேட உதவி எதுவும் தராவிட்டால் நூறு மடங்கு. எச்சரிக்கை வருவதற்குள் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடும்.

இதற்கு முதல் மருந்து இண்டெக்ஸ், பாடநூலின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் சொல்லடைவு போன்றது. நிலையம், நேரம் இரண்டையும் இந்த வரிசையிலேயே சேர்த்து ஓர் இண்டெக்ஸ் அமைத்தால், ஒவ்வொரு தேடலும் முழு அட்டவணையைப் புரட்டாமல் நேரே உரிய இடத்துக்குப் போகும். நேரத்துக்கு மட்டும் அமைத்தால் இவ்வளவு பலன் இருக்காது. எல்லா நிலையங்களின் வரிகளும் அங்கே கலந்து கிடக்கும்.

இரண்டாவது மருந்து இன்னும் அழகானது. வரிகளுக்கு இயல்பாக வரிசை இல்லையென்றால், வினவலிலேயே வரிசையைச் சொல்லிவிடலாம். விண்டோ ஃபங்ஷன் எனப்படும் சாளரச் செயற்பாடுகள் இதற்காக வந்தவை. ‘லேக்’ என்று எழுதி, ‘ஓவர்’ என்பதற்குள் ‘பார்ட்டிஷன் பை’ நிலையம், ‘ஆர்டர் பை’ நேரம் என்று குறிப்பிட்டால் போதும். இயந்திரம் ஒருமுறை அடுக்கும், பிறகு மேலிருந்து கீழே ஒரே நடை நடக்கும். முந்தைய வரியின் மதிப்பைக் கையில் பிடித்தபடியே அடுத்ததற்குப் போகும். 35,040 வரிகளை அடுக்கச் சுமார் ஐந்தரை இலட்சம் ஒப்பீடுகள் ஆகும் என்று வைத்துக்கொண்டாலும், 1.2 பில்லியனுக்கு முன்னால் அது எம்மாத்திரம்? மேலே சொன்ன இண்டெக்ஸும் இருந்தால் அடுக்கும் வேலைகூட மிச்சப்படலாம். எங்கள் வினவலை இப்படி மாற்றி எழுதியபோது, தட்டிய கையை எடுப்பதற்குள் விடை வந்தது.

‘பார்ட்டிஷன் பை’யை மறந்தால், மூவார் நிலையத்தின் அளவும் கோத்தா திங்கியின் அளவும் கழிக்கப்பட்டு, ஆறே இல்லாத இடத்தில் வெள்ளம் வரும். வரி எண்ணில் ஒன்றைக் கழித்து முந்தையதைப் பிடிக்கும் குறுக்குவழியையும் நம்பாதீர்கள். இடையில் ஒரு வரி அழிந்திருந்தால் அந்த எண்ணே இருக்காது. கருவி இரண்டு மணி நேரம் பழுதாகி நின்றிருந்தால், அந்த ஏற்றம் பதினைந்து நிமிடத்தில் வந்ததல்ல. ஆகவே மட்டத்தின் வேறுபாட்டோடு நேரத்தின் வேறுபாட்டையும் எடுத்து வகுக்கவேண்டும். வினவல் எந்த வழியில் போகிறது என்று பார்க்க, முன்னால் ‘எக்ஸ்பிளெய்ன்’ என்ற சொல்லைச் சேர்த்தால் இயந்திரம் தன் திட்டத்தைக் காட்டும். செலிங்கர் குழுவின் பேரப்பிள்ளைகள் அங்கே வேலை செய்வதைக் காணலாம். பள்ளிக் கணினியில் பழைய மைசீக்வெல் இருந்தால் ‘லேக்’ வேலை செய்யாது. 2018 இல் வந்த 8.0 பதிப்பில்தான் அது சேர்ந்தது.

ஒவ்வொரு நிலையத்தின் முதல் வரிக்கு முன் எதுவும் இல்லை. அங்கே ‘லேக்’ தருவது ‘நல்’, அதாவது வெறுமை. இந்த வெறுமைக்காகவும் எட்கர் சண்டை போட்டவர். இல்லாத தகவலைக் காட்டத் தனிக் குறி வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். பிற்காலத்தில் ஒன்று போதாது, இரண்டு வகை வேண்டும் என்றும் சொன்னார். அவருடைய நெருங்கிய நண்பரும் கூட்டாளியுமான கிறிஸ் டேட், வெறுமைக் குறியே வேண்டாம் என்ற கட்சி. பூஜ்ஜியம் ஏறியது என்பதும் தெரியாது என்பதும் ஒன்றல்ல என்பதை நீர்மட்ட அட்டவணையில் பார்த்தவள் நான். ஆகையால் என் ஓட்டு எட்கருக்கே.

எஸ்.கியூ.எல். மீதும் அவருக்கு மனக்குறை உண்டு. தன் கருத்தில் பிறந்த மொழி, ஒரே வரி இரண்டு முறை வருவதை அனுமதிக்கிறதே என்று கடைசிவரை கண்டித்தார். 1985 இல், சந்தையில் இருந்த சரக்குகள் பெயருக்கு மட்டும் ‘ரிலேஷனல்’ என்று போட்டுக்கொள்வதைக் கண்டு பன்னிரண்டு விதிகளை வெளியிட்டார். எண்ணிப் பார்த்தால் பதின்மூன்று இருக்கும், ஏனென்றால் அவர் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கினார்.

எட்கர் 2003 ஏப்ரல் 18 ஆம் நாள் ஃபுளோரிடாவில் இதயக் கோளாறினால் காலமானார். வயது 79. அதே ஆண்டு வெளிவந்த எஸ்.கியூ.எல். தரநிலையில், வினவலுக்குள் வரிசையைச் சொல்லும் சாளரச் செயற்பாடுகள் இடம்பெற்றன. தரவுத்தள ஆய்வாளர்கள் ஆண்டுதோறும் வழங்கும் புத்தாக்க விருது 2004 முதல் அவர் பெயரைத் தாங்கி வருகிறது.