காற்றை ஏவல் கொண்டவர்

அமெரிக்க நாட்டின் நியூயார்க் மாநிலத்தில், சென்ட்ரல் பிரிட்ஜ் என்னும் சிற்றூரில், 1846ஆம் ஆண்டு ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் பிறந்தார். அவருடைய தந்தையார் உழவுத் தொழிலுக்குரிய பொறிகளைச் செய்யும் தொழிற்சாலை ஒன்றை நடத்தி வந்தார். ஆதலின், இளமையிலேயே ஜார்ஜுக்கு ஏட்டுக் கல்வியைக் காட்டிலும் பட்டறை வேலையில் நாட்டம் மிகுந்தது.

அந்நாளில் புகைவண்டியை ஓட்டுவதினும் அதனை நிறுத்துவதே அரிய செயலாக இருந்தது. ஓட்டுநர் ஊதலை ஒலித்ததும், பணியாட்கள் ஓடும் வண்டியின் கூரைமீது பெட்டிக்குப் பெட்டி தாவிச் சென்று, பிரேக்குச் சக்கரங்களைக் கையால் திருகுவர். மழையிலும் பனியிலும் கால் வழுக்கி வீழ்ந்து மாண்டோர் பலர். ஒருமுறை இரண்டு சரக்கு வண்டிகள் மோதி உடைந்து கிடந்ததை வெஸ்டிங்ஹவுஸ் கண்டார். ஓட்டுநர் இருவரும் ஆபத்தை முன்னரே கண்டிருந்தும் வண்டிகளை நிறுத்த இயலவில்லை என்பதை அறிந்து வருந்தினார்.

எல்லாப் பெட்டிகளையும் ஓட்டுநர் ஒருவரே நிறுத்தும் வழியை அவர் ஆராய்ந்தார். நீராவியைப் பயன்படுத்தலாமா என்று எண்ணினார். நீண்ட குழாயில் செல்லும் நீராவி குளிர்ந்து நீராகிவிடுமாதலின் அது பயன்படவில்லை. அக்காலத்தில் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து சுரங்கப்பாதை அமைத்து வந்தனர். அங்கே, அமுக்கப்பட்ட காற்று நெடுந்தொலைவு குழாய்வழிச் சென்று பாறை துளைக்கும் கருவிகளை இயக்கிய செய்தியை ஓர் இதழில் படித்தார். காற்று குளிர்ந்தாலும் காற்றாகவே இருக்கும் அன்றோ! அவர் தேடிய வழி புலனாயிற்று.

எஞ்சினில் நீராவியால் இயங்கும் காற்றமுக்கி ஒன்றைப் பொருத்தினார். அது அமுக்கிய காற்றை ஒரு தொட்டியில் சேர்த்து வைத்தார். ஓட்டுநர் திறப்பைத் திருப்பியதும், காற்று குழாய்வழிப் பாய்ந்து பெட்டிதோறும் பிரேக்கை அழுத்தியது. 1869ஆம் ஆண்டு பிட்ஸ்பர்க் நகரில் சோதனை ஓட்டம் நடைபெற்றது. எதிர்பாராவண்ணம் குதிரைவண்டி ஒன்று தண்டவாளத்தில் குறுக்கிட்டது. ஓட்டுநர் திறப்பைத் திருப்பினார். அவ்வண்டிக்குச் சில அடி தொலைவிலேயே புகைவண்டி நின்றது. ஓர் உயிர் பிழைத்தது. அப்போது வெஸ்டிங்ஹவுஸுக்கு வயது 22.

எனினும் அவர் அவ்வளவில் மனநிறைவு கொள்ளவில்லை. குழாய் அறுந்தால் காற்று வெளியேறிப் பிரேக்கு பயனற்றுப்போகும் என்னும் குறையை உணர்ந்தார். 1872ஆம் ஆண்டில், பெட்டிதோறும் ஒரு காற்றுத் தொட்டியையும் தனிவகை அடைப்பிதழையும் அமைத்தார். அதன்பின், குழாயில் அழுத்தம் குறைந்தால் பிரேக்கு தானே இறுகியது. குழாய் அறுந்தாலும் வண்டி நின்றது. தீமையாய் இருந்ததே காவலாய் மாறிற்று.

1893ஆம் ஆண்டு அமெரிக்க அரசு புகைவண்டிகளுக்குக் காற்றுப் பிரேக்கைச் சட்டத்தால் கட்டாயமாக்கியது. மாறுதிசை மின்னோட்டத்தைப் பரப்புவதிலும் பெரும்பங்கு கொண்ட வெஸ்டிங்ஹவுஸ், 1914ஆம் ஆண்டு மறைந்தார். பிறர் துன்பத்தைக் கண்டு வருந்துதல் நன்று. அதனை நீக்கும் வழியைத் தேடிக் கண்டு, அவ்வழியிலுள்ள குறையையும் களைதல் அதனினும் நன்று. அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்தும் உண்மை இதுவே.