எல்லாருக்கும் பந்து: ஹாரி பக் வாழ்க்கை

மாலை நேரம். கொட்டாரத்தில் பள்ளிக்கூட மணி அடிக்கிறது. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் பஸ்கள் சாலையில் விரைகின்றன. கடற்காற்று வீசுகிறது.

பிள்ளைகள் வீட்டுக்கு ஓடவில்லை. புத்தகப் பையை மரத்தடியில் வைத்தார்கள். பந்தை உதைக்கத் தொடங்கினார்கள். கழுத்தில் விசிலோடு ஓர் ஆசிரியர் நடுவில் நிற்கிறார். அவர்தான் டிரில் மாஸ்டர்.

அந்த விசிலுக்குப் பின்னால் நூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. கடல் கடந்து வந்த ஒரு மனிதருடைய உழைப்பு இருக்கிறது.

அவர் பெயர் ஹாரி குரோ பக்.

பணம் யாருடையது?

பக் அவர்களின் கதைக்குள் போகுமுன் ஒரு கேள்வி. கல்லூரி விளையாட்டுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

கொட்டாரத்துப் பிள்ளைகள் மேற்படிப்புக்கு நாகர்கோவில் போவார்கள். பக்கத்திலேயே அகஸ்தீஸ்வரத்தில், 1965ல் தொடங்கிய விவேகானந்தா கல்லூரியும் இருக்கிறது. கல்லூரியில் சேரும்போது பலவகைக் கட்டணம் கட்ட வேண்டும். அவற்றில் விளையாட்டுக் கட்டணமும் ஒன்று. ஓடத் தெரிந்தவனும் கட்டுகிறான். ஓடத் தெரியாதவனும் கட்டுகிறான்.

அந்தப் பணத்தில்தான் பந்து வாங்குகிறார்கள். சட்டை தைக்கிறார்கள். வெளியூர்ப் போட்டிக்குப் போகிறவர்களுக்குப் பஸ் கட்டணமும் சாப்பாட்டுப் படியும் கொடுக்கிறார்கள். கல்லூரிகளுக்கு இடையே போட்டி நடக்கிறது. அங்கே நன்றாக ஆடுகிறவர்கள் பல்கலைக்கழக அணியில் இடம் பெறுகிறார்கள். பிறகு அந்த அணி மற்றப் பல்கலைக்கழகங்களோடு மோதுகிறது.

பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பணம் கட்டுவது ஆயிரம் பேர். கால்பந்து அணியில் ஆடுவது பதினொரு பேர்!

மற்றவர்கள் என்ன செய்வது? கை தட்டினால் போதுமா?

இந்தக் கேள்விக்குத்தான் பக் தம் வாழ்நாளையே பதிலாகக் கொடுத்தார்.

அமெரிக்காவில் பிறந்தார்

1884ஆம் ஆண்டு. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் பக் பிறந்தார்.

அவர் வளர்ந்த காலத்தில் அமெரிக்காவில் கல்லூரிக் கால்பந்து பெரிய திருவிழாவாக இருந்தது. அது நம் ஊர்க் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, எதிரியை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடும் ஆட்டம். அதைப் பார்க்க ஊரே திரண்டு வரும். டிக்கெட் விற்கும். பணம் குவியும்.

குவிந்த பணத்தில் பெரிய பெரிய ஸ்டேடியங்கள் எழுந்தன. யேல் பல்கலைக்கழகம் 1914ல் திறந்த ஸ்டேடியத்தில் சுமார் 70,000 பேர் உட்காரலாம். படிக்கிற இடத்தில் இத்தனை பெரிய பந்தாட்டக் கொட்டகை!

பணம் வந்தது. கூடவே தொல்லையும் வந்தது. எப்படியாவது வெல்ல வேண்டும் என்ற வெறி பிடித்தது. ஆட்டம் முரட்டு ஆட்டமாயிற்று. 1905ஆம் ஆண்டுப் பருவத்தில் பல இளைஞர்கள் மைதானத்தில் அடிபட்டு இறந்தார்கள். நாடே பதறியது. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் தலையிட்டார். கல்லூரிப் பெரியவர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அடுத்த ஆண்டு விதிகள் திருத்தப்பட்டன. அப்போது பக் இருபத்தோரு வயது இளைஞர்.

சிறிய கல்லூரிகளின் பாடு வேறு. அவற்றுக்கு டிக்கெட் வசூல் போதாது. மாணவர் கட்டணமும் பழைய மாணவர்களின் நன்கொடையும்தான் கைகொடுத்தன. ஆகவே அக்கம்பக்கத்துச் சிறு கல்லூரிகள் ஒன்று சேர்ந்து தமக்குள் ஒரு வட்டம் அமைத்துக்கொண்டன. வட்டத்துக்குள்ளேயே போட்டி, வட்டத்துக்குள்ளேயே கோப்பை. தூரப் பயணம் இல்லை. செலவும் குறைவு.

ஸ்பிரிங்பீல்டு பள்ளி

பக் படித்தது ஸ்பிரிங்பீல்டு என்ற ஊரில். அங்கே ஒய்.எம்.சி.ஏ. என்ற வாலிபர் சங்கத்துக்கு ஊழியர்களைத் தயாரிக்கும் கல்லூரி இருந்தது.

அந்தக் கல்லூரிக்கு ஒரு பெருமை உண்டு. இன்று உலகம் முழுவதும் ஆடும் கூடைப்பந்து பிறந்தது அங்கேதான். 1891ல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் அதைக் கண்டுபிடித்தார். குளிர் காலத்தில் மாணவர்கள் கூரைக்குள் ஆட ஒரு விளையாட்டு வேண்டியிருந்தது. பழக்கூடை இரண்டை உயரே மாட்டினார். பந்தைக் கொடுத்தார். ஆட்டம் தயார்!

பெரிய ஸ்டேடியம் வேண்டாம். பெரும்பணமும் வேண்டாம். ஒரு பந்தும், இரண்டு கூடையும், சொல்லித் தர ஓர் ஆசிரியரும் போதும். இந்தப் பாடம் பிறந்த கல்லூரியில்தான் பக் பயிற்சி பெற்றார்.

சென்னைக்கு வந்தார்

முதல் உலகப்போர் 1918ல் முடிந்தது. அடுத்த ஆண்டு பக் சென்னைக்கு வந்தார்.

அந்த நாளில் நம் பள்ளிகளில் உடற்பயிற்சி என்றால் என்ன? பெரும்பாலும் பட்டாளத்து டிரில்தான். பல பள்ளிகளில் ஓய்வு பெற்ற சிப்பாய்தான் ஆசிரியர். பிள்ளைகளை வரிசையாக நிறுத்துவார். இடம், வலம் என்று நடக்கச் சொல்வார். தப்பு செய்தால் திட்டு. சிரிப்பு இல்லை, விளையாட்டு இல்லை. டிரில் வகுப்பு என்றாலே பிள்ளைகளுக்கு வயிற்றுவலி வந்துவிடும்.

மைதானத்தில் விளையாட்டு நடந்த இடங்களிலும் கெட்டிக்காரர் சிலருக்கே பந்து கிடைத்தது.

இந்த நிலையை மாற்ற எங்கே தொடங்குவது? கோப்பை வாங்கிக் கொடுப்பதா? ஸ்டேடியம் கட்டுவதா? பக் இரண்டையும் செய்யவில்லை. ஆசிரியர்களை உண்டாக்கத் தொடங்கினார்.

1920ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் திறந்தார். முதலில் சேர்ந்தவர்கள் ஒரு சிலரே. அந்தச் சிறு பள்ளிதான் பின்னர் கல்லூரியாக வளர்ந்தது. இந்தத் துறையில் ஆசியாவிலேயே முதல் கல்லூரி என்று அதைச் சொல்வார்கள்.

ஓர் ஆட்டக்காரனுக்குச் செலவழித்தால் ஓர் ஆட்டக்காரன் கிடைப்பான். ஓர் ஆசிரியருக்குச் செலவழித்தால் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் விளையாடுவார்கள். இதுதான் அந்தப் பள்ளியின் கணக்கு.

சடுகுடுவும் பாடம்தான்

வெளிநாட்டிலிருந்து வந்தவர், வெளிநாட்டு ஆட்டங்களை மட்டுமா கற்றுக்கொடுத்தார்? இல்லை.

நம் சடுகுடு போன்ற ஆட்டங்களுக்கும் பள்ளியில் இடம் உண்டு. ஊருக்கு ஊர் விதி மாறினால் போட்டி நடத்த முடியாது அல்லவா? ஆகவே பக் விளையாட்டுகளின் விதிகளைத் தொகுத்துப் புத்தகமாக வெளியிட்டார். அது ஆசிரியர்களின் கைப்புத்தகமாயிற்று. உடற்கல்விக்கென்று வியாயாம் என்ற பத்திரிகையையும் நடத்தினார்.

சடுகுடுவுக்கு என்ன செலவு? மண் தரை இருந்தால் போதும். மூச்சு இருந்தால் போதும். ஏழைப் பள்ளிக்கும் எட்டுகிற ஆட்டம் அது.

பாரிசுக்குப் போன எட்டுப் பேர்

எல்லாரும் விளையாட வேண்டும் என்றவர் பெரிய போட்டிகளை வெறுத்தாரா? அதுவும் இல்லை.

1920ல் பெல்ஜியத்தில் ஆண்ட்வெர்ப் நகரில் ஒலிம்பிக் போட்டி நடந்தது. இந்தியாவிலிருந்து ஆறு பேர் கொண்ட சிறிய அணி போயிற்று. அவர்களை அனுப்ப முன்னின்று பணம் கொடுத்தவர் தொழிலதிபர் சர் டோராப்ஜி டாட்டா. ஒரு நாட்டின் அணி ஒரு செல்வரின் தயவில் போக வேண்டியிருந்தது!

1924ல் பாரிஸ் ஒலிம்பிக் வந்தது. இந்த முறை பல மாகாணங்களிலிருந்தும் வீரர்கள் பிப்ரவரியில் டில்லியில் கூடிப் போட்டியிட்டார்கள். ஓட்டம், தாண்டுதல் முதலிய போட்டிகளுக்கு எட்டுப் பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அவர்களை அழைத்துச் சென்றவர் பக்.

அந்த எட்டுப் பேரில் கண்ணூரைச் சேர்ந்த சி. கே. லட்சுமணன் ஒருவர். தடை தாண்டி ஓடுவதில் வல்லவர். பின்னாளில் அவர் டாக்டராகி, இந்திய அரசின் சுகாதாரத் துறையில் டைரக்டர் ஜெனரலாக உயர்ந்தார்.

பாரிசில் அவர்களுக்குப் பதக்கம் கிடைக்கவில்லை. ஆனால் வெறுங்கையோடு திரும்பவில்லை. போட்டிக்கு ஆள் தேடுவது எப்படி, பயிற்சி கொடுப்பது எப்படி என்ற அனுபவம் கிடைத்தது.

மாகாணந்தோறும் சங்கம் இல்லாமல் காரியம் நடக்காது. பக் அவர்களும் ஒய்.எம்.சி.ஏ.யில் அவருடைய தோழரான டாக்டர் நோரன் அவர்களும் மாகாணச் சங்கங்கள் அமையப் பாடுபட்டார்கள். 1927ல் இந்திய ஒலிம்பிக் சங்கம் பிறந்தது. டோராப்ஜி டாட்டா தலைவரானார். நோரன் செயலாளரானார்.

பணம் வற்றியது, பணி நிற்கவில்லை

1929ல் அமெரிக்காவில் இரண்டு செய்திகள் வெளிவந்தன.

ஒன்று: கார்னெகி நிதியின் சார்பில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளின் விளையாட்டுத் துறையை ஆராய்ந்தார்கள். பெரும்பாலானவை ஏதாவது ஒரு வழியில் ஆட்டக்காரர்களுக்குப் பண உதவி செய்வது தெரிந்தது. படிப்புக்காக வந்த பையன் பந்துக்காக வாங்கப்பட்டான்.

மற்றொன்று: பங்குச் சந்தை சரிந்தது. வியாபாரம் படுத்தது. வேலை இல்லாத் திண்டாட்டம் வந்தது.

இந்த இரண்டாவது செய்தி சென்னையையும் தொட்டது. ஏனென்றால் பக் போன்றவர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பிய சங்கம் அமெரிக்க மக்களின் நன்கொடையில் நடந்தது. கொடுப்பவர் கை சுருங்கினால் வாங்குபவர் பாடு என்ன ஆகும்? வெளிநாட்டுப் பணிக்கு வரும் பணம் குறைந்தது. பல நாடுகளிலிருந்து ஊழியர்கள் திரும்பினார்கள்.

பக் திரும்பவில்லை. அந்தக் கடினமான 1930களில்தான் உடற்கல்விக் கல்லூரி சைதாப்பேட்டையை அடுத்த நந்தனத்தில், அடையாற்றங்கரையில் வேரூன்றியது. அறுபது ஏக்கருக்கு மேற்பட்ட பரந்த இடம். பெரிய பெரிய மைதானங்கள். இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் மாணவர்கள் வந்தார்கள். கடல் கடந்தும் வந்தார்கள்.

அங்கே பயின்றவர்கள் விசிலும் விதிப் புத்தகமுமாக ஊர் ஊருக்குப் போனார்கள். டிரில் வகுப்பு மெல்ல மெல்ல விளையாட்டு வகுப்பாக மாறியது.

சென்னை மண்ணில் மறைந்தார்

1943ஆம் ஆண்டு ஜூலை மாதம் பக் சென்னையில் காலமானார். வயது 58. வாழ்வின் கடைசி 24 ஆண்டுகளை இந்த நாட்டுக்கே கொடுத்தார். அவருடைய மனைவி மேரி அவர்களும் கல்லூரிப் பணியில் உறுதுணையாக இருந்தார்.

இந்தியா சுதந்திரம் பெற்றதை அவர் பார்க்கவில்லை. 1951ல் டில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் இந்தியக் கால்பந்து அணி தங்கம் வென்றதையும் பார்க்கவில்லை. ஆனால் அவர் நட்ட மரம் பட்டுப்போகவில்லை. 2020ல் அந்தக் கல்லூரிக்கு நூறு ஆண்டு நிறைந்தது.

கேள்வி இன்னும் இருக்கிறது

அமெரிக்காவில் பெரிய கல்லூரிகளின் பந்தாட்டம் இன்று கோடி கோடியாகப் பணம் புரளும் வியாபாரம். சிறிய கல்லூரிகள் இன்றும் மாணவர் பணத்தையும் நன்கொடையையும் நம்பியே காலம் தள்ளுகின்றன.

நம் ஊர்க் கல்லூரி அணி வென்றால் பெருமைதான். பஸ்ஸில் பாட்டுப் பாடிக்கொண்டு கோப்பையோடு திரும்பும் பிள்ளைகளைக் கண்டால் யாருக்குத்தான் மகிழ்ச்சி வராது? அவர்களுக்குச் செலவழிப்பது தவறல்ல.

ஆனால் கட்டணம் கட்டிவிட்டு ஓரமாக நிற்கும் பிள்ளையை மறந்துவிடக் கூடாது. அவனுடைய பணமும் அந்தப் பந்தில் இருக்கிறது. அவளுடைய பணமும் அந்தச் சட்டையில் இருக்கிறது. கோப்பை ஆடும் அணிக்கு. மைதானம் எல்லாருக்கும்.

கொட்டாரத்தில் இருட்டத் தொடங்குகிறது. டிரில் மாஸ்டர் விசில் ஊதுகிறார். ஆட்டம் முடிந்தது. நன்றாக உதைத்தவனும், ஒரு முறைகூடப் பந்தைத் தொடாதவனும் வியர்வையைத் துடைத்துக்கொள்கிறார்கள். தொடாதவனை ஆசிரியர் அருகில் அழைக்கிறார். பந்தை அவன் கையில் கொடுக்கிறார். நாளைக்கு முதல் உதை அவனுடையது.

பக் தொடங்கிய பணி அந்தக் கையில் இருக்கிறது.