செல்போர்ன் செம்மல்

கடல் கடந்தும் மலை ஏறியும் புதியன கண்டு புகழெய்தினோர் உலகிற் பலராவர். தாம் பிறந்த சிற்றூரின் எல்லைக்குள்ளேயே இருந்து, வீட்டுத் தோட்டத்தையும் அதன் பின்னே எழுந்த குன்றையும் நாள்தோறும் உற்றுநோக்கிப் புகழெய்தினோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் கில்பர்ட் ஒயிட் என்னும் ஆங்கில நாட்டுப் பெரியார்.

இங்கிலாந்தின் தென்பகுதியில், ஆம்ப்சயர் என்னும் கோட்டத்தின்கண் செல்போர்ன் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரின் ஒரு புறத்தே சுண்ணாம்புக் குன்று ஒன்று உயர்ந்து நிற்கின்றது. அதன் சரிவைப் பீச்சு மரக்காடு போர்த்தியுள்ளது. ஒயிட்டின் பாட்டனார் அவ்வூரின் சமயகுருவாக விளங்கினார். அவர்தம் இல்லத்தில் 1720-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 18-ஆம் நாள் ஒயிட் பிறந்தார். ஆக்சுபோர்டு நகரில் ஓரியல் கல்லூரியிற் பயின்று, 1743-இல் பட்டம் பெற்றார். பின்னர்ச் சமயத் தொண்டினை மேற்கொண்டார். வேறூர்களிற் குருப்பதவி பெறும் வாய்ப்புகள் வந்தும், செல்போர்னை விட்டுப் பிரிய அவர் உள்ளம் இசையவில்லை. அவ்வூரிலும் அண்மை ஊர்களிலும் துணைக்குருவாகவே காலங் கழித்தார். அவர் மணம் செய்துகொள்ளவில்லை.

1751-ஆம் ஆண்டு முதல் அவர் தம் தோட்டத்து நிகழ்ச்சிகளைக் குறித்து வரலாயினார். விதை இட்ட நாள், மழை பெய்த நாள், மலர் விரிந்த நாள் ஆகிய அனைத்தும் அதில் இடம் பெற்றன. 1768-இல் தொடங்கிய இயற்கை நாட்குறிப்பை, 1793-இல் தாம் இறப்பதற்குச் சில நாள் முன்வரை, இருபத்தைந்து ஆண்டுகள் விடாது எழுதினார்.

அக்காலத்து ஆராய்ச்சியாளர் பெரும்பாலும் பறவைகளைக் கொன்று, உடலைப் பதப்படுத்தி வைத்தே ஆராய்ந்தனர். ஒயிட்டும் அம்முறையை அறவே நீக்கினாரல்லர். ஆயினும், உயிருள்ள பறவையின் குரலும் செயலுமே அதனை நன்கு அறிவிப்பன என்று அவர் கருதினார். வேனிலில் அவ்வூருக்கு வரும் சிறிய இலைக்குருவிகளை அறிஞர் ஒரே இனமாக எண்ணியிருந்தனர். ஒயிட் அவற்றின் பாட்டைச் செவி சாய்த்துக் கேட்டார். ஒன்று இரண்டே ஒலிகளை மாறி மாறி எழுப்பிற்று. மற்றொன்றின் பாட்டு மெல்ல இறங்கி ஓய்ந்தது. பிறிதொன்று மரவுச்சியிலிருந்து வெட்டுக்கிளிபோல் ஒலித்தது. உருவத்தில் ஒத்துத் தோன்றிய அவை மூவேறு இனங்கள் என்று அவர் துணிந்தார். அத்துணிவு சரியென்பதைப் பிற்கால ஆராய்ச்சி மெய்ப்பித்தது.

அவர் கண்ட பறவைகளுள் அரிய விருந்தாக வந்தது ரிங் ஊசல் என்னும் பாடும் பறவை. அதன் உடல் கருநிறம். மார்பில் வெண்பிறை போன்றதொரு பட்டை விளங்கும். அது மலைநாட்டில் வாழ்வது, செல்போர்னுக்கு உரியதன்று. எனினும், 1768-ஐ ஒட்டிய ஆண்டுகளில், செப்டம்பர்த் திங்களின் இறுதியில் அப்பறவைகள் சிறு கூட்டமாகத் தம் ஊர்ப்பக்கம் வந்து செல்வதை ஒயிட் கண்டார். ஒரு முறை கண்டதும் வியந்து மறந்துவிடாமல், அடுத்த ஆண்டும் அவற்றை எதிர்நோக்கினார். அவை மீண்டும் வந்தன. இலையுதிர் காலத்தில் முட்செடிப் பழங்களையும், அவை காய்க்காத ஆண்டில் யூ மரத்தின் பழங்களையும், இளவேனிலில் ஐவிக் கொடியின் பழங்களையும் அவை உண்பதைக் குறித்துக் கொண்டார். சில நாளே தங்கிச் செல்லும் அவை யாண்டிருந்து வருகின்றன என்று பிற பகுதி அறிஞர்க்குக் கடிதம் எழுதி வினவினார். பிரித்தானிய மலைகளிற் கூடு கட்டும் அவ்வினம், குளிர்காலத்தை எசுப்பானியத்திலும் வட ஆப்பிரிக்காவின் அட்லசு மலைப் பகுதியிலும் கழிப்பது இன்று நன்கறியப்பட்ட செய்தி.

ஒயிட்டிற்கு வாழ்நாள் முழுதும் தீராத ஐயம் ஒன்றிருந்தது. தகைவிலான் குருவிகள் குளிர்காலத்தில் எங்குச் செல்கின்றன? அவை மறைவிடங்களில் உறங்கிக் கிடக்கும் என்று பலர் நம்பிய காலம் அது. அவருடைய தம்பி சான் ஒயிட் சிப்ரால்டரில் சமயகுருவாக இருந்தார். அவர் பருவந்தோறும் அக்குருவிகள் கடலிடுக்கைக் கடப்பதைக் கண்டு அறிவித்தார். ஒயிட் அச்சான்றை ஏற்றார். ஆயினும், எல்லாம் மறைந்த பின் நவம்பரில் ஒரு நாள் திடீரெனச் சில குருவிகள் தோன்றுவதையும் அவர் தம் கண்ணாற் கண்டிருந்தார். ஆகவே, சிலவேனும் அவ்விடத்தே தங்கக்கூடும் என எண்ணினார். 1781-இல் ஆட்களை அமர்த்திக் குன்றின் புதர்களையும் பொந்துகளையும் தேடச் செய்தார். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாமையையும் அவர் மறையாது எழுதி வைத்தார். 1911-இல் இங்கிலாந்தில் காலில் வளையம் இடப்பெற்ற குருவி ஒன்று, 1912 திசம்பரில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிற் கிடைத்தது. அவரது ஐயம் பிழையே என்பது அதனால் தெளிவாயிற்று. ஆனால், பிழையையும் மெய்யையும் பின்வந்தோர் பிரித்தறிதற்கு அவருடைய ஒளிவற்ற குறிப்புகளே துணை நின்றன.

தாமசு பென்னன்ட்டு, டெயின்சு பாரிங்டன் என்னும் அறிஞர் இருவர்க்கு அவர் வரைந்த கடிதங்கள், 1789 என்னும் ஆண்டுக் குறிப்புடன் நூலாக வெளிவந்தன. செல்போர்னின் இயற்கை வரலாறு என்னும் அந்நூல் இரு நூற்றாண்டுகட்கு மேலாகப் பயிலப்பட்டு வருகின்றது. 1793-ஆம் ஆண்டு சூன் 26-ஆம் நாள் ஒயிட் தம் ஊரிலேயே மறைந்தார். பெயரின் முதலெழுத்துகளும் இறந்த நாளுமே பொறித்த எளிய கல், அவர் துயிலும் இடத்தைக் காட்டுகின்றது.

கொல்லையில் வந்தமரும் புதிய பறவையைக் காண்பவர் பலர். அது வந்த நாளைக் குறித்து, மறு ஆண்டும் அதன் வரவை நோக்கி நிற்பவரே அறிவை வளர்ப்பவராவர். கண்டதைக் கண்டவாறும், காணாததைக் காணவில்லை என்றும் எழுதும் நேர்மையை மாணவர் ஒயிட்டின் வாழ்வினின்று கற்றுக்கொள்வாராக.