பட்டுப்புழுவைக் காப்பாற்றிய லூயி பாஸ்டர்



லூயி பாஸ்டர் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது வெறிநாய்க்கடி தடுப்பூசிதான். ஆனால் அந்த ஊசிக்கு இருபது வருடம் முன்னாடியே அவர் பட்டுப்புழுக்களோடு ஐந்து வருடம் போராடினார். அந்தக் கதை நிறைய பேருக்குத் தெரியாது. எங்க வீட்டிலும் பட்டுப்புழு வளர்க்கிறோம். அதனால்தான் நான் அவரைப் பற்றி எழுத ஆசைப்பட்டேன்.

பிறப்பும் படிப்பும்

பாஸ்டர் 1822 டிசம்பர் 27-இல் பிரான்ஸ் நாட்டில் டோல் என்ற ஊரில் பிறந்தார். அப்பாவுக்குத் தோல் பதனிடும் வேலை. வசதியான குடும்பம் இல்லை. சின்ன வயதில் பாஸ்டருக்குப் படம் வரைவதில்தான் ரொம்ப இஷ்டம். அம்மா, அப்பா படத்தை அவர் வரைந்தது இன்னும் இருக்கிறது. பிறகு பாரிஸ் போய் வேதியியல் படித்துப் பேராசிரியர் ஆனார். அவர் டாக்டருக்குப் படித்தவர் இல்லை.

மிளகு நோய்

அந்தக் காலத்தில் தெற்கு பிரான்ஸ் மக்களுக்குப் பட்டுதான் சோறு போட்டது. மல்பெரியைத் தங்க மரம் என்றே சொல்வார்களாம். அப்போது ஒரு நோய் வந்தது. புழுவின் உடம்பில் மிளகைத் தூவியது மாதிரி கறுப்புப் புள்ளிகள் வரும். இலை தின்னாது, சரியாக வளராது, கூடு கட்டாமலே செத்துப் போகும். மிளகைக் குறிக்கும் அந்த ஊர்ச் சொல்லில் இருந்து அதற்குப் பெப்ரின் என்று பெயர் வந்தது. 1853-இல் 2 கோடியே 60 லட்சம் கிலோ பட்டுக்கூடு எடுத்த நாட்டில் 1865-இல் 40 லட்சம் கிலோதான் கிடைத்தது. எத்தனை குடும்பம் தவித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

பாஸ்டருடைய ஆசிரியர் துய்மா பட்டு விளையும் பகுதியில் பிறந்தவர். அவர் கேட்டுக்கொண்டதால் 1865-இல் பாஸ்டர் அலேஸ் என்ற ஊருக்குப் போனார். அதுவரை அவர் பட்டுப்புழுவைத் தொட்டதே இல்லை. போகிற வழியில் ஃபாபர் என்ற பூச்சி அறிஞரிடம் ஒரு பட்டுக்கூட்டை வாங்கிக் காதருகில் ஆட்டிப் பார்த்து, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டாராம். தெரியாததைக் கேட்க அவர் வெட்கப்படவில்லை.

அடுத்தடுத்து துக்கம்

வேலை ஆரம்பித்த அந்த வருடமே அவருடைய அப்பா இறந்தார். செப்டம்பரில் இரண்டு வயது மகள் காமில் இறந்தாள். 1866-இல் பன்னிரண்டு வயது மகள் செசில் டைபாய்டில் இறந்தாள். மூத்த மகளும் 1859-இல் அதே டைபாய்டில்தான் போனாள். டைபாய்டு ஒரு கிருமியால் வருகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. அந்தக் கிருமியை 1880-இல்தான் கண்டுபிடித்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு மனசு கஷ்டமாகி விட்டது.

1868 அக்டோபரில் அவருக்கே பக்கவாதம் வந்து இடது பக்கம் செயல் இழந்தது. அப்போது வயது 45. சில மாதத்திலேயே மறுபடியும் புழுக்களைப் பார்க்கக் கிளம்பிட்டார்!

அவர் கண்ட வழி

நோயுற்ற புழுவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பளபளப்பான முட்டை வடிவத் துகள்கள் தெரியும். இவை நோயால் உண்டாகிறவை, நோய்க்குக் காரணம் இல்லை என்றுதான் பாஸ்டர் முதலில் நினைத்தார். பிறகு நோயுற்ற புழுவை அரைத்து இலையில் தடவி, நல்ல புழுக்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றுக்கும் நோய் வந்தது. தன் எண்ணம் தப்பு என்று தெரிந்ததும் பாஸ்டர் அதை மாற்றிக்கொண்டார். தாய்ப்பூச்சியிடம் இருந்து முட்டை வழியாகவும் நோய் குஞ்சுக்குப் போகும் என்பதும் உறுதியானது.

அதற்கு அவர் காட்டிய வழி ரொம்ப எளிது. ஒவ்வொரு தாய்ப்பூச்சியையும் தனித்தனியாக முட்டையிட விட வேண்டும். பிறகு அந்தப் பூச்சியைத் தண்ணீர் விட்டு அரைத்து ஒரு சொட்டை மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். துகள் இருந்தால் அந்த முட்டைகளை எரித்துவிட வேண்டும். இல்லையென்றால் வளர்க்கலாம். இந்த ஆராய்ச்சியை 1870-இல் புத்தகமாக வெளியிட்டார்.

இன்றைக்கும் முட்டை தயாரிக்கிற இடங்களில் இப்படித்தான் தாய்ப்பூச்சியைச் சோதிக்கிறார்கள். எங்க அப்பா வாங்கி வருகிற நோயற்ற முட்டைத் தொகுதியும் அப்படி வந்ததுதான். ஒரு தடவை புழு செத்தால் இலை, கூலி, ஒரு மாத உழைப்பு எல்லாம் குப்பைக்குழிக்குத்தான் போகும். எங்க வீட்டில் கடைக்காரருக்குக் கொடுப்பதும், எனக்கு நோட்டு வாங்குவதும் அந்தக் கூட்டுப் பணத்தில்தான்.

தெரிந்துகொள்வோம்

அந்தத் துகளின் பெயர் நொசிமா பாம்பிசிஸ். இது மைக்ரோஸ்போரிடியா என்ற ஒட்டுண்ணிக் கூட்டத்தைச் சேர்ந்தது. இவை காளான் இனத்துக்குச் சொந்தம். துகளுக்குள் ஒரு நூல் போன்ற குழாய் சுருண்டிருக்கும். புழுவின் வயிற்றுக்குள் போனதும் குழாய் வெளியே பாய்ந்து செல்லைக் குத்தி, தன் உயிர்ப்பொருளை ஊசி போடுவது போல உள்ளே செலுத்திவிடும்!

தேனீக்கும் மீனுக்கும் இந்தக் கூட்டத்தால் நோய் வரும். மனிதருக்கும் வரும். கொசுவில் இருக்கும் அன்காலியா அல்ஜெரே என்ற வகை, நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களின் தசையைத் தாக்கியிருக்கிறது. ஆனால் பட்டுப்புழுவைத் தொடுகிறவர்கள் பயப்பட வேண்டாம். பெப்ரின் நமக்கு ஒட்டும் நோய் இல்லை.

கடைசிக் காலம்

புழுவிடம் படித்த பாடம் பிறகு அவருக்கு உதவியது. 1881-இல் ஆடுகளுக்கு ஆந்த்ராக்ஸ் தடுப்பூசி போட்டுக் காட்டினார். 1885 ஜூலை 6-இல் நாய் கடித்த ஒன்பது வயது ஜோசப் மேஸ்டருக்கு வெறிநாய்க்கடி ஊசி போடச் செய்தார். பையன் பிழைத்தான். 1895 செப்டம்பர் 28-இல் பாஸ்டர் காலமானார். அவர் பெயரில் நம் குன்னூரில் 1907-இல் ஒரு நிலையம் தொடங்கப்பட்டது.

தோழிகளே, மூன்று மகள்களை இழந்தும், ஒரு பக்கம் செயல் இழந்தும் அவர் முகம் தெரியாத விவசாயிகளுக்காக உழைத்தார். அடுத்த முறை பட்டுச்சேலையைப் பார்க்கும்போது அவரையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். நம்ம அறிவியல் அறையில் இருக்கும் மைக்ரோஸ்கோப்பையும் சும்மா வேடிக்கை பார்க்காமல், ஒரு தடவை குனிந்து பாருங்கள்!



— ஒன்பதாம் வகுப்பு மாணவி