காணாமல் போன கோளுக்குப் பஞ்சாங்கம் எழுதியவர்

பொறியியல் படிக்கிற யாரிடமாவது காஸ் என்ற பெயரைச் சொல்லிப் பாருங்க, ஒரு பெருமூச்சு வரும். சமன்பாடு தீர்க்கும் முறையில் அவர் பெயர், மின்புலப் பாடத்தில் அவர் பெயர், புள்ளியியலில் வரும் மணி வளைவிலும் அவர் பெயர். ஆனால் அவரை ஐரோப்பா முழுக்கப் பிரபலமாக்கியது வானத்தில் தொலைந்துபோன ஒரு சின்னப் புள்ளி. அந்தக் கதையைத்தான் இந்த முறை சொல்லப் போகிறேன்.

கார்ல் ஃபிரீட்ரிக் காஸ் 1777 ஏப்ரல் 30-ஆம் தேதி ஜெர்மனியின் பிரன்ஸ்விக் நகரில் பிறந்தார். வசதியான குடும்பம் கிடையாது. அப்பா கொத்து வேலை, தோட்ட வேலை என்று கிடைத்ததைச் செய்தவர். அம்மாவுக்குப் படிப்பறிவு மிகக் குறைவு. மகன் பிறந்த தேதியைக் குறித்து வைக்கவில்லை. இயேசுவின் விண்ணேற்றத் திருநாளுக்கு எட்டு நாள் முன்னால், ஒரு புதன்கிழமை என்பது மட்டும் நினைவிருந்தது. நம்ம பாட்டிமார் “தைப்பூசத்துக்கு மூணு நாள் முன்னாடி பிறந்தவன்” என்று சொல்வார்களே, அது மாதிரி. அந்தத் திருநாள் ஈஸ்டரைப் பொறுத்து மாறும். ஈஸ்டரோ முழு நிலவைப் பொறுத்து மாறும். பின்னாளில் காஸ் ஈஸ்டர் தேதியைக் கணக்கிடும் முறையையே உருவாக்கி, தன் பிறந்த நாளையும் கண்டுபிடித்துக்கொண்டார்.

சிறுவனின் திறமையைக் கேள்விப்பட்ட பிரன்ஸ்விக் கோமகன் படிப்புச் செலவை ஏற்றார். 1801-இல் எண் கோட்பாடு பற்றிய காஸின் பெரிய நூல் வெளிவந்தது. வயது 24. நம்மில் பலருக்கும் கிட்டத்தட்ட அதே வயசுதான்.

அதே 1801 ஜனவரி 1-ஆம் தேதி, சிசிலித் தீவின் பலேர்மோ நகரில் பியாட்சி என்ற வானியலாளர் ஒரு மங்கலான புள்ளியைப் பார்த்தார். மறுநாள் அது இடம் மாறியிருந்தது. பிப்ரவரி 11 வரை அதன் இடங்களைக் குறித்தார். பிறகு அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனது. புள்ளியும் சூரிய வெளிச்சத்துக்குள் மறைந்தது. 41 நாளில் வானத்தில் அது நகர்ந்தது சுமார் 3 பாகைதான். ஆறு முழு நிலவை வரிசையாக வைத்தால் எவ்வளவோ, அவ்வளவு. அதுதான் சீரெஸ்.

சிக்கல் என்னவென்றால், நட்சத்திரத்துக்கு ஒரு தடவை இடம் குறித்தால் பல வருஷம் அதே பட்டியலை வைத்துத் தேடலாம். நகரும் பொருளுக்கு அது நடக்காது. எந்தத் தேதியில் எந்த இடம் என்று, நம்ம பஞ்சாங்கத்தில் கிரக நிலை போடுவது போல, நாள்வாரியாக எழுத வேண்டும். தொலைநோக்கியில் சீரெஸும் நட்சத்திரம் போலவே தெரியும். தப்பான இடத்தில் தேடினால் எத்தனை மாதம் தேடினாலும் வீண்.

பலரும் கணக்குப் போட்டார்கள். பாதை வட்டம் என்று வைத்துக்கொண்டவர்களும் உண்டு. காஸ் எதையும் முன்கூட்டியே முடிவு செய்யவில்லை. மூன்று நாள் குறிப்புகளிலிருந்து நீள்வட்டப் பாதையைக் கணித்தார். மற்ற நாள் குறிப்புகளோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்தார். பிறகு இடப் பட்டியலைத் தந்தார். அவர் சொன்ன இடம் மற்றவர்கள் சொன்னதிலிருந்து பல பாகை தள்ளி இருந்தது. பேர் தெரியாத இளைஞர். கணக்கு பொய்த்தால் பெயரும் போகும். 1801 டிசம்பர் 31-ஆம் தேதி வானியலாளர் ஸாக் சீரெஸைக் கண்டுபிடித்தார். அடுத்த ஓரிரு நாளில் ஒல்பர்ஸும் பார்த்தார். காஸ் காட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது.

அதன்பின் பல்லாஸ், ஜூனோ, வெஸ்டா என்று குறுங்கோள்கள் வரிசையாகக் கிடைத்தன. புதுக் குறிப்பு வர வர காஸ் பாதையைத் திருத்திக்கொண்டே இருந்தார். 1807-இல் கோட்டிங்கன் வானாய்வகத்தின் இயக்குநரானார். ஆனால் வாழ்க்கை சுகமாக இல்லை. ஆதரித்த கோமகன் 1806-இல் போர்க்காயத்தால் இறந்தார். கோள்களின் பாதை பற்றிய காஸின் நூல் 1809-இல் வெளிவந்தது. அதே ஆண்டு மனைவி யோஹானா இறந்தார். பிழைகளைச் சமன்செய்யும் மீச்சிறு வர்க்க முறையை லெஜாண்டர் 1805-இலேயே வெளியிட்டிருந்தார். நான் முன்பே பயன்படுத்தினேன் என்று காஸ் சொன்னதால் மனஸ்தாபம் வந்தது. கணக்கை முடித்து மேசைக்குள் வைத்திருந்தால் உலகத்துக்கு எப்படித் தெரியும்? 1855 பிப்ரவரி 23-ஆம் தேதி கோட்டிங்கனில் காஸ் மறைந்தார்.

எங்கள் பல்கலைக்கழக வானியல் குழுவுக்கு இரவுப் பட்டியல் தயாரிப்பது என் வேலை. பெயர், நேரம், வானத்தில் இடம், பிரகாசம், நகரும் வேகம், எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று எழுதுவேன். மேற்கில் சீக்கிரம் மறைவதற்கு முதலிடம். நிலாவுக்குப் பக்கத்தில் இருப்பதை வேறு நாளுக்குத் தள்ளிவிடுவேன். கணினி நொடியில் எண்களைத் தருகிறது. காஸ் அதையெல்லாம் கையால் எழுதினார். ஆனாலும் பழைய எண்ணை நம்பக் கூடாது, புதுக் குறிப்போடு ஒப்பிட வேண்டும் என்ற அவருடைய பழக்கம் இன்றும் தேவை.

சீரெஸ் நல்ல பிரகாசமாக இருக்கும் மாதங்களில் இருகண் தொலைநோக்கியே போதும். அன்றைய தேதிக்கான இடத்தைத் தேடி, சுற்றியுள்ள புள்ளிகளைத் தாளில் வரைந்து வையுங்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி பாருங்கள். எது நகர்ந்திருக்கிறதோ, அதுதான் சீரெஸ்!