களத்தில் சேராத இணை

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து வரலாற்றின் தலைசிறந்த இணை எது என்ற விவாதம் அந்நாட்டில் இன்னும் ஓயவில்லை. பந்தைக் கையில் ஏந்தி, எதிரணியின் தடுப்பை ஊடுருவி ஓடும் வீரரை அங்கே ரன்னிங் பேக் என்பர். அத்தகைய இருவரில் ஒருவர் வலிமையால் நடுவே பிளந்து செல்ல, மற்றவர் வேகத்தால் ஓரமாக விரைந்தால், எந்த அணியும் திணறும். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியின் டாக் பிளான்சார்டும் கிளென் டேவிஸும் இதற்கு இலக்கணமாகக் கருதப்படுகிறார்கள். கல்லூரி வீரருக்கான மிக உயரிய விருதான ஹைஸ்மன் கோப்பையை 1945-இல் முன்னவரும் 1946-இல் பின்னவரும் பெற்றனர். 1944 முதல் 1946 வரை அவர்களது அணி ஒரு போட்டியில்கூடத் தோற்கவில்லை.

ஆயினும், ஒரு நாளும் களத்தில் சேர்ந்து ஓடாத இருவருக்கும் அந்தப் பட்டியலில் இடம் உண்டு. சைரகியூஸ் பல்கலைக்கழகத்தில் 44-ஆம் எண் சட்டையை அணிந்த ஜிம் பிரவுனும் எர்னி டேவிஸும்தான் அவர்கள். எர்னி டேவிஸின் குறுகிய வாழ்வே அதற்குச் சான்று.

1939 டிசம்பர் 14 அன்று பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தவர் டேவிஸ். அவர் பிறப்பதற்கு முன்பே தந்தை விபத்தில் இறந்துவிட்டார். யூனியன்டவுன் என்ற ஊரில் தாய்வழித் தாத்தா, பாட்டியிடம் வளர்ந்த அவருக்குச் சிறுவயதில் திக்குவாய் இருந்தது. 12-ஆவது வயதில் தாயுடன் வாழ நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா நகருக்குக் குடிபெயர்ந்தார். பள்ளி நாள்களிலேயே பல கல்லூரிகள் அவரை அழைத்தன. சைரகியூஸுக்கு வருமாறு அழைத்தவர்களில் ஜிம் பிரவுனும் ஒருவர்.

கறுப்பின வீரரான பிரவுன் பட்ட அநீதி ஊரறிந்தது. 1956-இல் நாட்டின் மிகச் சிறந்த ஓட்டக்காரராக விளங்கியும் ஹைஸ்மன் வாக்கெடுப்பில் அவருக்கு ஐந்தாம் இடமே கிடைத்தது. பத்துப் போட்டிகளில் எட்டில் தோற்ற நோட்டர் டேம் அணியின் வீரருக்குக் கோப்பை போனது. அதுவரை எந்தக் கறுப்பினத்தவருக்கும் அந்த விருது அளிக்கப்பட்டதில்லை.

பிரவுன் விட்டுச்சென்ற எண்ணை அணிந்து டேவிஸ் களமிறங்கிய 1959-இல், சைரகியூஸ் தோல்வியே காணாமல் தேசிய சாம்பியன் ஆனது. 1960 புத்தாண்டு நாளில், நிறவெறி கோலோச்சிய டெக்சாஸின் டல்லஸ் நகரில், வெள்ளையர் மட்டுமே ஆடிய டெக்சாஸ் அணியை அது 23-14 என வென்றது. தொடைத் தசையில் காயத்துடன் ஆடிய டேவிஸ், 87 கஜத் தொலைவு கண்ட ஆட்டத்தில் முதல் புள்ளிகளைப் பெற்றுத் தந்தார். ஆட்ட நாயகன் விருதும் அவருக்கே. ஆனால், வெற்றி விருந்தில் வெள்ளைத் தோழர்களோடு சமமாக அமரும் உரிமை மட்டும் அவருக்கு இல்லை.

மூன்று ஆண்டுகளில் 2,386 கஜம் ஓடி, பிரவுனின் கல்லூரிச் சாதனைகளை அவர் முறியடித்தார். 1961-இல் ஹைஸ்மன் கோப்பையைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார். நியூயார்க் வந்திருந்த அதிபர் கென்னடி அவரைச் சந்தித்து வாழ்த்தினார்.

கறுப்பின வீரர்களை அதுவரை சேர்க்க மறுத்துவந்த வாஷிங்டன் தொழில்முறை அணி, கென்னடி அரசின் நெருக்கடியால் டேவிஸை முதல் வீரராகத் தேர்ந்தெடுத்தது. பின்னர் பாபி மிட்செல் உள்ளிட்டோருக்கு ஈடாக அவரைக் கிளீவ்லாந்துக்கு விட்டுக்கொடுத்தது. கிளீவ்லாந்தின் நாயகன் ஜிம் பிரவுன். இரு 44-களும் ஒரே அணியில் ஓடப்போகிறார்கள் என்று ரசிகர்கள் காத்திருந்தனர்.

1962 கோடையில் டேவிஸுக்கு ரத்தப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. நோய் சற்றுத் தணிந்தபோது அவரைக் களமிறக்க அணி உரிமையாளர் விரும்பினார். பயிற்சியாளர் பால் பிரவுன் மறுத்தார். ரசிகர்கள் முன் ஒருமுறை அறிமுகமானதோடு சரி, ஒரு போட்டியிலும் டேவிஸ் ஆடவில்லை. 1963 மே 18 அன்று, 23-ஆவது வயதில் மறைந்தார். எல்மைராவில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு அஞ்சலி செலுத்தினர். அவருக்கென ஒதுக்கிய 45-ஆம் எண்ணைக் கிளீவ்லாந்து அதன்பின் எவருக்கும் வழங்கவில்லை. அதே ஆண்டில் ஜிம் பிரவுன் தனியாகவே 1,863 கஜம் ஓடிச் சாதனை படைத்தார்.

சேர்ந்து ஆடியிருந்தால் என்னென்ன சாதித்திருப்பார்கள் என்று கணக்கிடுவதில் பயனில்லை. உண்மையில் நடந்ததே போதுமானது. நடுவே முட்டி மோதித் தடுப்பை உடைப்பவர் ஒருவர், அந்த இடைவெளியில் புகுந்து எல்லையைத் தொடுபவர் மற்றொருவர் என்பதே நல்ல இணையின் இயல்பு. 1956-இல் பிரவுனுக்கு மறுக்கப்பட்டது 1961-இல் டேவிஸின் கைக்கு வந்தது. டேவிஸின் அழைப்பை மதித்துச் சைரகியூஸ் வந்த ஃபிளாய்ட் லிட்டில் பின்னர் அந்த 44-ஐ அணிந்தார். களத்தில் சேராமலே அவர்கள் ஒருவருக்கொருவர் வழிவிட்டு ஓடினார்கள். இணைகளை ஒப்பிடுவோர் கஜங்களோடு இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.